சண்டைக் காட்சி ஏன் பிடித்துப்போகிறது? கவனம் பெறாத சில ஆக்‌ஷன் படங்களை முன்வைத்து

ஆக்‌ஷன் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு தீர்ப்புகளை நாம் யோசிக்காமலேயே சொல்லிவிடுகிறோம். "மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய படம்" என்பது ஒன்று. "அண்டர்ரேட்டட் படம், யாருமே கண்டுகொள்ளவில்லை" என்பது மற்றொன்று.

முதல் தீர்ப்பை என்னால் ஒப்புக்கொள்ளவே முடிவதில்லை. நல்ல சண்டைக் காட்சி ஓடும்போது மூளை ஓய்வெடுப்பதில்லை. யார் எங்கே நிற்கிறார், துப்பாக்கியில் குண்டு மிச்சம் இருக்கிறதா, கதவு எந்தப் பக்கம், அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று இடைவிடாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கில்தான் நமக்குக் கிடைக்கும் இன்பம் இருக்கிறது. இரண்டாவது தீர்ப்பு பல நேரங்களில் சரியானதே. ஆனால் ஒரு படம் ஏன் கவனிக்கப்படாமல் போனது, அதில் அப்படி என்ன இருக்கிறது என்ற விளக்கம் அதனுடன் வருவதில்லை. "செமையாக இருக்கும், பார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஆக்‌ஷன் படம் பார்த்துப் பழகாதவர்களுக்காகவும், நிறையப் பார்த்தும் ஏன் பிடிக்கிறது என்று சொல்ல வார்த்தை கிடைக்காதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கேமரா வகை, லென்ஸ் அளவு போன்ற தொழில்நுட்ப நுணுக்கங்கள் இதில் வராது.

ஒரு படம் எப்படிக் கண்ணிலிருந்து தப்புகிறது

படம் ஓடவில்லை என்பதும், படம் குறைவாக மதிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. மோசமான படங்களும் ஓடாமல் போகின்றன. தன்னிடம் உள்ள தரத்துக்கு ஏற்ற பேச்சும் பார்வையாளர்களும் கிடைக்காத படத்தைத்தான் இங்கே கவனம் பெறாத படம் என்கிறேன். அப்படி நடப்பதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வந்த நேரம் சரியில்லாமல் போவது. 2012 செப்டம்பரில் வெளியான 'ட்ரெட்' இதற்கு நல்ல உதாரணம். 1977 முதல் பிரிட்டனில் வெளிவரும் ஒரு காமிக்ஸ் நாயகனின் கதை அது. அதே பாத்திரத்தை வைத்து 1995இல் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்த படம் பலருக்குக் கசப்பான நினைவாக இருந்தது. அதோடு, 2012இன் தொடக்கத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த இந்தோனேசியப் படமான 'தி ரெய்டு'ம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் போலீஸார் சிக்கிக்கொள்ளும் கதைதான். 'ட்ரெட்' அதைப் பார்த்து எடுத்த படம் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் 'ட்ரெட்' படப்பிடிப்பு 2010 நவம்பரிலேயே தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தொடங்கிவிட்டது. திரையரங்கில் தோற்ற அந்தப் படம் டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் வந்த பிறகுதான் தன் ரசிகர்களைக் கண்டடைந்தது.

இரண்டாவது வழி, திரையரங்குக்கே வராமல் போவது. ஹாலிவுட்டில் நேரடி வீடியோ வெளியீடு என்று ஒரு பிரிவு உண்டு. திரையரங்கில் ஓடாமல் முதல் நாளிலேயே டிவிடி கடைக்குப் போகும் படங்கள் அவை. இப்போது அந்த இடத்தை ஓடிடி பிடித்துக்கொண்டுவிட்டது. பத்திரிகைகள் அவற்றுக்கு விமர்சனம் எழுதுவதே அரிது. எழுதாததால் பேச்சு இல்லை, பேச்சு இல்லாததால் விலை இல்லை. ஆக்‌ஷன் படங்களில் உள்ள மிகச் சிறந்த சண்டைகள் சில இந்த இருட்டுக்குள்தான் கிடக்கின்றன.

மூன்றாவது வழி, ஒன்றைச் சொல்லி அழைத்துவந்து வேறொன்றைக் காட்டுவது. ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கி 2012 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியான 'ஹேவயர்' இந்த வகை. விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் முதல் நாள் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் தரும் சினிமாஸ்கோர் கணிப்பில் அதற்குக் கிடைத்தது டி பிளஸ் என்ற மோசமான மதிப்பெண். விளம்பரம் ஆரவாரமான உளவாளிப் படத்தை வாக்களித்தது. திரையில் ஓடியதோ நிதானமான, குறைவாகப் பேசும், சண்டையின்போது பின்னணி இசையே இல்லாத படம்.

இந்த மூன்று வழிகளுக்கும் சண்டைக் காட்சியின் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தத் தரம் எதில் இருக்கிறது என்பதைத்தான் இனி பார்க்க வேண்டும்.

கபடி ஆட்டம் சொல்லித்தரும் பாடம்

ஊர்த் திருவிழாவில் நடக்கும் கபடிப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடிப் போகிறவர் நடுக்கோட்டைத் தாண்டுகிறார். எதிரே ஏழு பேர் கைகோத்து வளைந்து நிற்கிறார்கள். அவர் திரும்பி ஓட வேண்டிய கோடு எது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். மூச்சு விடாமல் பாட வேண்டும் என்பதும் தெரியும். ஓரத்தில் நிற்பவர் மெல்லப் பின்னால் நகர்வது பாடிப் போகிறவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கணுக்காலில் ஒரு கை விழுகிறது. விழுந்தவர் உடலை நீட்டி, விரல் நுனியால் கோட்டைத் தொடுகிறார். கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது.

அதே ஆட்டத்தை ஒருவர் படம்பிடித்து, அரை நொடிக்கு ஒரு முறை மாற்றி மாற்றி ஒரு கை, ஒரு முகம், கொஞ்சம் புழுதி, ஒரு முழங்கால் என்று காட்டினால் என்ன ஆகும்? வேகம் இருக்கும், சத்தம் இருக்கும். ஆனால் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். கோடு எங்கே என்றே தெரியாதபோது விரல் நுனி அதைத் தொட்டதில் என்ன பதற்றம் வரும்?

பார்வையாளருக்கு நான்கு விஷயங்கள் தெரிந்திருந்தால்தான் பதற்றம் பிறக்கிறது: இடம், விதி, ஒவ்வொருவரின் வலிமை, தோற்றால் என்ன ஆகும். இந்த நான்கையும் வாயால் விளக்காமல் கண்ணால் உணரவைப்பதுதான் ஆக்‌ஷன் இயக்குநரின் வேலை. வெடித்துச் சிதறும் கார்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகு வருகிற விஷயம்.

இடம் தெரிய வேண்டும்

'ட்ரெட்' படத்தின் கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். இருநூறு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு நீதிக்காவலர்கள் அடைபட்டுக்கொள்கிறார்கள். எதிரி உச்சி மாடியில் இருக்கிறாள். அவர்கள் மேலே போக வேண்டும். கதை எளிமையாக இருப்பதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அந்தப் படத்தின் பெரிய பலமாகத் தெரிகிறது. படம் முழுவதும் நமக்கு ஒரு திசை இருக்கிறது: மேலே. ஒரு தளம் ஏறினால் நெருங்குகிறார்கள், இறங்கினால் விலகுகிறார்கள். கட்டடத்தின் நடுவே வாய் திறந்த பெரும் கிணறு போன்ற வெளி இருப்பதால் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் தெரிகிறது. எதிரிகள் அந்த வெளியின் அக்கரையில் கனரகத் துப்பாக்கிகளை நிறுத்தி, ஒரு தளத்தையே சல்லடையாக்கும்போது, நாயகர்கள் எந்தச் சுவருக்குப் பின்னால் ஓடுகிறார்கள், குண்டுகள் எந்தத் திசையில் அவர்களைத் துரத்துகின்றன என்று ஒரு கணம்கூடக் குழப்பம் வருவதில்லை.

இன்னொரு நுட்பம் அந்தப் படத்தின் துப்பாக்கி. அது வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் குண்டின் வகையை மாற்றிக்கொள்ளும். தீப்பற்ற வைக்கும் குண்டு வேண்டுமானால் நாயகன் அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். காமிக்ஸிலிருந்து வந்த சிறு வேடிக்கை போலத் தோன்றும் இந்த ஏற்பாடு, நடக்கப்போவதை அரை நொடி முன்னதாக நமக்குச் சொல்லிவிடுகிறது. அந்த அரை நொடி எதிர்பார்ப்பில்தான் நாம் நாற்காலியின் நுனிக்கு வருகிறோம்.

இடத்தைக் குழப்பாமல் காட்ட உலகம் முழுவதும் ஓர் அடிப்படை விதியைப் பின்பற்றுகிறார்கள். எதிரெதிரே நிற்கும் இருவருக்கு இடையே கற்பனையாக ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில்தான் நிற்க வேண்டும். இதை அச்சுக்கோடு என்று வைத்துக்கொள்வோம். கேமரா கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டால், இடப்பக்கம் நின்றவர் திடீரென்று வலப்பக்கம் நிற்பது போலத் தெரியும். யார் யாரைத் துரத்துகிறார் என்பதே தலைகீழாகிவிடும். தெரிந்தே இந்த விதியை மீறும் இயக்குநர்களும் உண்டு. அவர்கள் நம்மைத் தடுமாறவைக்க விரும்பும் இடத்தில் மட்டும் மீறுவார்கள்.

அடி தெரிய வேண்டும்

கேமராவை ஓட விட்டதிலிருந்து நிறுத்துவது வரை, இடையில் வெட்டு விழாமல் திரையில் தெரியும் துண்டுக்கு ஷாட் என்று பெயர். ஒரு ஷாட் சராசரியாக எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைத் திரைப்பட ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். டேவிட் போர்ட்வெல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கணக்குப்படி, 1930 முதல் 1960 வரையிலான ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட் பெரும்பாலும் 8 முதல் 11 நொடிகள் நீடித்தது. நூற்றாண்டின் இறுதியில் அது 3 முதல் 6 நொடிகளுக்குச் சுருங்கியது. ஜேசன் போர்ன் என்ற உளவாளியின் வரிசைப் படங்களில் இரண்டு நொடிகளுக்கு அருகே வந்துவிட்டது. அந்தப் படங்கள் பெரிய வெற்றி பெற்றதால், கேமராவை உலுக்குவதும் சடசடவென்று வெட்டுவதும்தான் விறுவிறுப்பு என்று மற்றவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள்.

அதன் எல்லையை 'டேக்கன் 3' படத்தில் பார்க்கலாம். நாயகன் ஒரு வேலியைத் தாண்டிக் குதிக்கிறார். அந்தச் சில நொடிகளுக்குள் பத்துக்கும் மேற்பட்ட வெட்டுகள். அவர் வேலியைத் தாண்டினார் என்ற தகவல் நமக்குக் கிடைக்கிறது. தாண்டியதை நாம் பார்க்கவில்லை.

இதை வைத்து வேகமாக வெட்டுவதே தவறு என்று சொல்லிவிடக் கூடாது. 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' படத்தில் சுமார் 2,700 ஷாட்கள் இருக்கின்றன. இரண்டு மணி நேரப் படத்தில் ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக மூன்று நொடிகூடக் கிடையாது. ஆனாலும் ஒரு துளி குழப்பம் இல்லை. ஒவ்வொரு ஷாட்டிலும் நாம் கவனிக்க வேண்டிய பொருள் திரையின் நடுப்பகுதியிலேயே இருக்கும்படி எடுத்திருக்கிறார்கள். வெட்டு விழும்போது நம் கண் எங்கேயும் ஓடித் தேட வேண்டியதில்லை. அதன் படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்ஸலுக்கு ஆஸ்கர் கிடைத்தது மிகப் பொருத்தம். வேகம் எவ்வளவு என்பதைவிட, அந்த வேகத்தில் கண்ணுக்கு வழி காட்டப்பட்டிருக்கிறதா என்பதே முக்கியம்.

ஹாங்காங் இயக்குநர்கள் இதை வேறு விதமாகச் செய்தார்கள். அடிப்பவரும் அடி வாங்குபவரும் ஒரே ஷாட்டில் தெரிவார்கள். கை கிளம்புவதும் அது போய்ச் சேர்வதும் உடல் தெறித்து விழுவதும் ஒரே பார்வையில் அகப்படும். வெட்ட வேண்டி வந்தால், தூரத்து ஷாட்டில் அடி விழுவதைக் காட்டிவிட்டு, அருகிலிருந்து எடுத்த ஷாட்டில் அதே அசைவின் கடைசித் துளியை மறுபடியும் காட்டுவார்கள். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 அசையாப் படங்கள், அதாவது ஃபிரேம்கள், ஓடுகின்றன. இரண்டு மூன்று ஃபிரேம்கள் அளவுக்கு மட்டும் அந்த அடி திரும்ப வரும். புதிய ஷாட்டைப் புரிந்துகொள்ளக் கண்ணுக்குக் கொஞ்சம் அவகாசம் தேவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டு மூன்று ஃபிரேம்களை நாம் உணர்வதில்லை. அடி மட்டும் இரட்டிப்பாக வலிக்கிறது.

இதுவரை பார்த்ததை ஒரு முறை கோத்துக்கொள்வோம். இடம் தெளிவாக இருக்க வேண்டும். அச்சுக்கோடு அதற்கு உதவுகிறது. அடி எங்கே தொடங்கி எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும். நீளமான ஷாட்டும் அதற்கு வழி, கவனமான வேக வெட்டும் வழி. இவை இரண்டும் கைகூடினால் சண்டை புரியும். ஆனால் புரிந்த சண்டையெல்லாம் பிடித்துவிடாது.

மூச்சு வாங்க இடம் வேண்டும்

நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஐந்தாவது நிமிடத்தில் நமக்குச் சலித்துவிடும். போர்ட்வெல் ஹாங்காங் சண்டைகளை ஆராய்ந்து ஓர் ஒழுங்கைக் கண்டார்: நிதானம், வெடிப்பு, மறுபடி நிதானம். இருவரும் ஒரு கணம் அசையாமல் நிற்கிறார்கள். சடாரென்று ஐந்தாறு அடிகள். மீண்டும் விலகி நிற்கிறார்கள். நம் நாட்டியத்தில் தீர்மானம் என்ற தாள முத்தாய்ப்பு வைத்து நிறுத்துவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதாகத் தெரியாது.

இதற்கு நான் எப்போதும் கைகாட்டுவது 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்'. சாமோ ஹங் இயக்கி 1984இல் வந்தது, பார்சிலோனாவில் எடுத்தது. ஜாக்கி சானைத் தெரியாதவர் நம் ஊரில் இல்லை. அவருடைய பிற்காலத்து அமெரிக்கப் படங்களை மட்டும் பார்த்தவர்கள் இந்தப் படத்தைத் தவறவிட்டிருப்பார்கள். கடைசியில் கோட்டைக்குள் அவருக்கும் அமெரிக்கக் கிக்பாக்ஸிங் சாம்பியன் பென்னி உர்கிடெஸுக்கும் ஒரு சண்டை நடக்கிறது. உர்கிடெஸ் வீசும் ஓர் உதையின் காற்றிலேயே வரிசையாக எரியும் மெழுகுவத்திகள் அணைந்துவிடும். அந்த ஓர் உதையால் இவர் கால் பட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லியாகிவிட்டது. முன்பு சொன்ன நான்கில் ஒவ்வொருவரின் வலிமை என்பது இது.

அந்தச் சண்டையின் நடுவில் ஜாக்கி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கொஞ்சம் நிற்கிறார். பயிற்சி செய்வது போல நினைத்துக்கொள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உடம்பைத் தளர்த்துகிறார். சில நொடிகள்தான். அதன் பிறகு சண்டையின் போக்கே மாறுகிறது. முதல் பாதியில் பயந்து அடித்தவர் இரண்டாம் பாதியில் விளையாடி அடிக்கிறார். வசனமோ திருப்பமோ இல்லாமல், அந்த நிதானத்துக்குள்ளேயே ஒரு மனிதன் மாறிவிடுகிறான். சண்டைக்குள் கதை நடப்பது என்றால் இதுதான்.

வலிக்க வேண்டும், வலி மிஞ்ச வேண்டும்

இப்போது நான் மிகவும் மதிக்கும் ஒரு வரிசைக்கு வருகிறேன். 'அன்டிஸ்பியூட்டட்' என்று 2002இல் வால்டர் ஹில் இயக்கிய ஒரு சிறைக் குத்துச்சண்டைப் படம் திரையரங்குகளில் வெளியானது. அதன் இரண்டாம் பாகம் 2006இல் நேரடியாக வீடியோவில் வந்தது. இயக்கியவர் ஐசக் ஃப்ளோரென்டைன். பல்கேரியாவில் எடுக்கப்பட்ட சிறிய படம். அட்டைப்படத்தைப் பார்த்தால் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

ஆனால் அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். நாயகன் சேம்பர்ஸ் (நடித்தவர் மைக்கேல் ஜெய் வொயிட்) முன்னாள் குத்துச்சண்டைச் சாம்பியன்; ரஷ்யச் சிறையில் மாட்டிக்கொள்கிறான். அங்கே அவனுக்கு எதிரே நிற்பவன் பொய்கா (ஸ்காட் ஆட்கின்ஸ்). சேம்பர்ஸுக்குக் கை மட்டும்தான் பேசும். பொய்கா காலாலும் அடிப்பான், தரையில் உருண்டு மடக்கவும் செய்வான். குத்துச்சண்டைக்காரனுக்கு இடுப்புக்குக் கீழே ஓர் உலகமே தெரியாது என்பதை முதல் மோதல் நமக்குக் காட்டிவிடுகிறது. பிறகு சேம்பர்ஸ் கால்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறான். கடைசிச் சண்டையில் அவன் வீசும் ஒவ்வோர் உதையும் கற்றுக்கொண்ட பாடமாகத் தெரிகிறது. இறுதியில் பொய்காவின் காலை மடக்கி முறிப்பதுதான் வெற்றி. எந்தப் பகுதியை அறியாமல் தோற்றானோ அதே பகுதியில் ஜெயிக்கிறான்.

ஃப்ளோரென்டைன் கேமராவைப் பின்னால் தள்ளி வைக்கிறார். ஆட்கின்ஸ் காற்றில் சுழன்று உதைக்கும்போது தலையிலிருந்து கால் வரை முழு உருவமும் தெரிகிறது. டூப் போட்டு மறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, அவரே செய்கிறார்.

அதைவிட அழகான விஷயம் 2010இல் வந்த மூன்றாம் பாகத்தில் நடக்கிறது. அதில் வில்லனாக இருந்த பொய்காதான் நாயகன். முந்தைய படத்தில் முறிந்த முழங்கால் இன்னும் சரியாகவில்லை. சிறையில் கழிவறையைச் சுத்தம் செய்யும் நிலைக்கு இறங்கிவிட்டான். அவன் மறுபடி சண்டைக்கு வரும்போது எதிராளிகள் அந்த முழங்காலைத்தான் குறிவைக்கிறார்கள். மார்கோ ஸரோர் என்ற சிலி நாட்டு நடிகருடன் நடக்கும் இறுதிச் சண்டையில் ஒவ்வொரு முறை அந்தக் கால் தரையில் ஊன்றும்போதும் நமக்கு உள்ளுக்குள் இழுக்கிறது. பல பெரிய படங்களில் நாயகன் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து அடுத்த காட்சியில் சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு நடக்கிறான். இந்தச் சிறிய படத்தில் ஒரு முழங்கால் காயம் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு வந்து சேர்கிறது. இந்த வரிசைக்கு உலகெங்கும் விசுவாசமான ரசிகர்கள் இருப்பதற்கு அந்த முழங்கால் ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

வலியை உணரவைக்க இன்னொரு வழி சத்தம். 'ஹேவயர்' படத்தின் நாயகி ஜீனா கரானோ உண்மையிலேயே கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் மோதியவர். டப்ளின் ஹோட்டல் அறையில் மைக்கேல் ஃபாஸ்பெண்டருடன் அவர் மோதும் காட்சியில் இசை கிடையாது. மூச்சிரைப்பும், மரச்சாமான் உடையும் சத்தமும், உடல் சுவரில் மோதும் ஓசையும்தான். எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் ஆரவாரம் செய்ய வேண்டும் என்று இசை நமக்குச் சொல்லித்தருவதில்லை. யார் ஜெயிப்பார் என்பது கடைசி வரை திறந்தே கிடக்கிறது. முதல் நாள் கூட்டத்துக்குப் பிடிக்காமல் போனதும் இதனால்தான், இப்போது பார்த்தால் அந்தக் காட்சி துளியும் பழசாகாமல் இருப்பதும் இதனால்தான்.

சிறிய படங்களுக்கு இது ஏன் கைவருகிறது

சிறிய படம் என்றாலே நல்ல படம் என்று சொல்ல வரவில்லை. நேரடி வீடியோ படங்களில் பெரும்பான்மை பார்க்க முடியாதவை. வசனம் தட்டையாக இருக்கும், துணை நடிகர்கள் தடுமாறுவார்கள், கதையில் ஓட்டைகள் இருக்கும். 'அன்டிஸ்பியூட்டட்' வரிசையிலும் இந்தக் குறைகள் எல்லாம் உண்டு.

ஆனால் பணப்புழக்கம் ஒரு தேர்வைத் தீர்மானிக்கிறது. பெரிய படத்துக்கு முதலில் நட்சத்திரம் வேண்டும். அவருக்குச் சண்டை வருமா என்பது பிறகு. வராவிட்டால் டூப், நெருக்கமான ஷாட், வேக வெட்டு, கணினி வரைகலை என்று நான்கைந்து திரைகளைப் போட்டு மறைக்கலாம். சிறிய படத்தால் நட்சத்திரத்தையும் வாங்க முடியாது, அந்தத் திரைகளையும் வாங்க முடியாது. அதனால் சண்டை தெரிந்தவரையே நாயகனாகப் போடுகிறார்கள். அவரிடம் இருக்கும் ஒரே விலைமதிப்பான பொருள் அவர் உடல்தான். அதை மறைக்க யாருக்கும் மனம் வராது. கேமரா தானாகவே பின்னால் போகிறது, ஷாட் நீள்கிறது.

கற்பனையும் இந்த நெருக்கடியில் சில நேரம் வேலை செய்கிறது. 2018இல் லீ வனெல் ஆஸ்திரேலியாவில் குறைந்த செலவில் எடுத்த 'அப்கிரேட்' படத்தில், உடலை ஒரு கணினிச் சில்லு இயக்கும் மனிதனின் சண்டை வருகிறது. நடிகரின் உடலில் ஒரு கைப்பேசியை மறைத்துக் கட்டி, அதன் அசைவைக் கேமரா அப்படியே பின்தொடரும்படி செய்தார்கள். அவர் சாய்ந்தால் திரையில் உலகமே சாய்கிறது, அவர் மட்டும் நேராக நிற்கிறார். உடல் தன் வசம் இல்லாதவனின் சண்டை என்பது அந்த ஓர் ஏற்பாட்டிலேயே நமக்கு விளங்கிவிடுகிறது.

ஜான் ஹயம்ஸ் இயக்கிய 'யுனிவர்சல் சோல்ஜர்: டே ஆஃப் ரெக்கனிங்' (2012) இன்னும் துணிச்சலானது. எல்லோரும் செத்துப்போனதாக நினைத்த ஒரு பழைய வரிசையின் தொடர்ச்சி என்பதால் பலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொடக்கக் காட்சி முழுவதும் நாயகனின் கண் வழியாக நகர்கிறது. நள்ளிரவில் எழுந்து வீட்டுக்குள் நடக்கிறோம், நடக்கக் கூடாதது நடக்கிறது. பிறகு விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் ஆட்கின்ஸும் யு.எஃப்.சி. என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியின் முன்னாள் சாம்பியன் ஆண்ட்ரே அர்லோவ்ஸ்கியும் கையில் கிடைத்த மட்டையை எடுத்துக்கொண்டு மோதுகிறார்கள். இவ்வளவு கனமான, இவ்வளவு அச்சமூட்டும் சண்டையைப் பல மடங்கு செலவில் எடுத்த படங்களிலும் நான் அதிகம் பார்த்ததில்லை. இது ஆக்‌ஷன் படமா, பேய்ப்படமா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இருண்ட படம்.

பெயர் தெரியாதவர்களின் கலை

இந்தப் படங்கள் மட்டும் கவனிக்கப்படாமல் போகவில்லை. இந்தக் கலையே அப்படித்தான் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. ஒரு சண்டையை அடி அடியாக வடிவமைத்து, நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, யாருக்கும் எலும்பு முறியாமல் எடுத்து முடிப்பவர் ஸ்டண்ட் மாஸ்டர். ஒளிப்பதிவுக்கும் ஒப்பனைக்கும் விருது தரும் ஆஸ்கர், சண்டை வடிவமைப்புக்கு ஒரு பிரிவு வைப்பதாக 2025இல்தான் அறிவித்தது. 2027இல் வெளியாகும் படங்களுக்கு 2028இல் முதல் விருது தரப்படும். இந்த ஒரு விஷயத்தில் நம் தேசியத் திரைப்பட விருதுகள் முந்திக்கொண்டன. 2016ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே இந்தப் பிரிவு உண்டு. சென்னையைச் சேர்ந்த இரட்டையர்களான அன்பறிவ் அதைப் பெற்றிருக்கிறார்கள். அடுத்த முறை சண்டை பிடித்திருந்தால் பெயர்ப் பட்டியலில் சண்டைப் பயிற்சி யார் என்று பாருங்கள். பிடித்த இயக்குநரைத் தேடிப் போவது போல அந்தப் பெயரைத் தேடிப் போனால் நல்ல படங்கள் வரிசையாக அகப்படும்.

எங்கிருந்து தொடங்கலாம்

புதியவர்களுக்கு 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' எளிதான வாசல். நகைச்சுவை நிறைய உண்டு. நடுவில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொண்டால் கடைசிச் சண்டை கூலியைக் கொடுத்துவிடும். அடுத்து 'ட்ரெட்', பிறகு 'அப்கிரேட்'. 'அன்டிஸ்பியூட்டட்' இரண்டையும் மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றை மட்டும் பார்த்தால் முழங்காலின் அருமை தெரியாது. முதல் பாகத்தைப் பார்க்காமல் விட்டாலும் கதை புரியும். 'ஹேவயர்' பார்க்கும்போது ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது மின்விசிறிச் சத்தம் குறைந்த நேரத்தில் பாருங்கள்.

பார்க்கும்போது ஒரு சிறு சோதனை செய்யலாம். சண்டை உச்சத்தில் இருக்கும் ஏதாவதொரு கணத்தில் படத்தை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். கதவு எங்கே இருக்கிறது? யாருக்கு எங்கே அடிபட்டிருக்கிறது? அடுத்து அவர் என்ன செய்ய முயல்கிறார்? பதில் உடனே வந்தால் இயக்குநர் தன் வேலையைச் செய்திருக்கிறார். இந்தச் சோதனையில் கோடிக்கணக்கில் செலவழித்த படங்கள் தோற்பதையும், பெயரே கேள்விப்படாத படங்கள் தேறுவதையும் நீங்களே பார்ப்பீர்கள்.

'ட்ரெட்', 'அப்கிரேட்', 'டே ஆஃப் ரெக்கனிங்' மூன்றிலும் வன்முறை மிகக் கடுமையாக இருக்கும். வீட்டில் குழந்தைகள் தூங்கிய பிறகு பார்ப்பதே நல்லது. 'டே ஆஃப் ரெக்கனிங்' கடைசியாக இருக்கட்டும். அதற்கு முந்தைய பாகமான 'ரீஜெனரேஷன்' (2009) படத்தையும் ஹயம்ஸே இயக்கியிருக்கிறார். செர்னோபில் அணு உலையைக் களமாகக் கொண்ட அதை முதலில் பார்த்துவிட்டுப் போனால், இந்த வரிசையின் பழைய நாயகன் வான் டாம் 'டே ஆஃப் ரெக்கனிங்'கில் ஏன் அப்படி மாறி நிற்கிறார் என்பது பிடிபடும்.